கேட்கக் கற்ற நாய்



வகுப்பறையைப் பற்றியே எழுதிவரும் நான் இன்று நாயைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டேனே என்று வியக்க வேண்டாம். நாயில் தொடங்கினாலும் முடியும் இடம் வகுப்பறைதான். "எனக்கு வெளியே போக வேண்டும்" என்று தெரிவிக்க எங்கள் வீட்டு நாய்க்குக் கற்றுக்கொடுத்தோம். அதற்கு நான்கு மாதங்கள் ஆயின. இருபது ஆண்டுகள் ஆசிரியராக இருந்தும் கற்காத ஒன்றை அந்த நான்கு மாதங்களில் நான் கற்றேன். அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

மணி வந்த கதை

சென்ற ஆண்டு ஒரு மழைநாள் மாலையில் என் மகன் பின்சந்துக் கால்வாயோரம் நடுங்கிக்கொண்டிருந்த நாய்க்குட்டி ஒன்றைத் தூக்கி வந்தான். இரண்டு மாதக் குட்டி என்று கால்நடை மருத்துவர் சொன்னார். நம்மவர் வீடுகளில் வழிவழியாக வரும் பெயரையே வைத்தோம்: மணி.

முதல் வாரமே சிக்கல் தொடங்கியது. எங்களுடையது பெட்டாலிங் ஜெயாவின் பழைய வரிசை வீடுகளுள் ஒன்று. முன்னால் மகிழுந்து நிறுத்தும் முகப்பு, அதை ஒட்டிக் கையகல மண். வரவேற்பறையில் காலை வைத்தால் ஈரம், படிக்கட்டின் கீழே நாற்றம். கேட்டவர், கேட்காதவர் எல்லாரும் அறிவுரை வழங்கினர். "அசுத்தம் செய்த இடத்தில் மூக்கை வைத்துத் தேய், செய்தித்தாளைச் சுருட்டி ஓர் அடி கொடு, தானாக அடங்கும்" என்பதே அவற்றின் சாரம். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், நாங்களும் அப்படித்தான் செய்தோம்.

விளைவு என்ன தெரியுமா? எங்கள் கண்முன்னே சிறுநீர் கழித்துக்கொண்டிருந்த குட்டி, நாற்காலிக்குப் பின்னே மறைந்து கழிக்கத் தொடங்கியது. "வீட்டுக்குள் கழிக்கக் கூடாது" என்பதை அது கற்கவில்லை. "இவர்கள் பார்க்கும்பொழுது கழிக்கக் கூடாது" என்பதையே கற்றது. வெளியே அழைத்துச் சென்றாலும் நாங்கள் அருகில் நின்றால் கழிக்காது. உள்ளே வந்ததும் மறைவிடம் தேடும். அதன் மீது குறை சொல்ல இயலுமா? நாங்கள் கற்பித்ததை அது மிகச் சரியாகவே கற்றிருந்தது!

பூட்டியவர் யார்?

இங்கே ஒன்றைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியும் நாய் வளர்த்தார்கள். அந்த நாய்களுக்கு யாரும் இப்பயிற்சியை அளித்ததில்லை. அளிக்கத் தேவையும் இருக்கவில்லை. லயத்து வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாய் எழுந்து ரப்பர் மரங்களுக்கிடையே போகும், வரும். கதவு என்பதே அதற்கு ஒரு பொருட்டன்று.

நாங்கள் வாழும் பெட்டாலிங் ஜெயாவும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலமே. 1950-களின் தொடக்கத்தில், கோலாலம்பூரின் மக்கள் நெருக்கடியைத் தணிக்க உருவாக்கப்பட்ட புறநகர் இது. 2006-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் மாநகராகத் தகுதி உயர்ந்தது. தோட்டம் நகரானபொழுது வாசல்களுக்கு இரும்புக் கதவுகள் வந்தன. கதவுக்கு முன் ஒரு கம்பிக் கதவு, அதற்கும் முன் தானியங்கிப் படலைக் கதவு, மூன்றுக்கும் பூட்டு.

தமிழில் இவ்வியற்கைத் தேவைக்கே "வெளிக்குப் போதல்" என்றுதான் பெயர். வெளி என்பதே இடம். அந்த வெளியை நாம் பூட்டி, சாவியை நம் கையில் வைத்திருக்கிறோம். அப்படியானால், "வெளியே போக வேண்டும்" என்று கேட்க ஒரு வழியை அமைத்துக் கொடுப்பது பூட்டியவரின் கடமை அல்லவா?

சிலர் இதற்கு எளிய வழி ஒன்றைக் கையாளுகின்றனர். விடியற்காலையில் படலையைத் திறந்து நாயை வெளியே விட்டுவிடுவது. அது அடுத்த வீட்டு வாசலில் கழித்துவிட்டுத் திரும்பும். எங்கள் தெருவில் மலாய்க் குடும்பங்கள், சீனக் குடும்பங்கள், நம் குடும்பங்கள் எல்லாம் கலந்து வாழ்கின்றன. நாயின் எச்சில் பட்டால் முறைப்படி கழுவித் தூய்மை செய்ய வேண்டிய சமயக் கடமை உடையவர்கள் நம் இசுலாமிய அண்டை வீட்டார். அவர்கள் தொழுகைக்குப் புறப்படும் வேளையில் நம் நாய் அவர்கள் வாசலில் நின்றால் அது நாயின் குற்றமா, நம் குற்றமா? முறையீடு மாநகர் மன்றத்திற்குப் போகும். நாயைப் பிடிக்கும் வண்டி வரும். உயிரை விலையாகக் கொடுப்பது நாய்தான்.

வீட்டை அசுத்தம் செய்கிறது என்பதும் நாய்கள் கைவிடப்படுவதற்கான காரணங்களுள் ஒன்று. சந்தை அருகிலோ உணவுக் கடைப் பக்கமோ இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017-இல் நடைமுறைக்கு வந்தது. விலங்குக்குக் கொடுமை இழைப்போருக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை தண்டமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. ஆயினும் கேட்கத் தெரியாத நாயைச் சட்டம் மட்டும் காப்பாற்றிவிடாது.

நாய் முன்பே கேட்டுக்கொண்டிருக்கிறது

மணியை அடிப்பதை நிறுத்திவிட்டு, ஒரு வாரம் அதனைக் கவனிப்பதையே வேலையாக வைத்துக்கொண்டேன். மாணவனைக் கவனித்துக் குறிப்பெழுதுவது போல ஒரு பயிற்சிப் புத்தகத்தில் நேரம் குறித்தேன். உண்மை விளங்கியது. உறங்கி எழுந்த உடன், உண்ட சிறிது நேரத்தில், விளையாடி முடித்ததும் என்று அதற்கு ஒழுங்கான கால அட்டவணையே இருந்தது! கழிப்பதற்கு முன் விளையாட்டை நிறுத்தும், தரையை முகர்ந்தபடி வட்டமிடும், கதவைப் பார்க்கும், பிறகு என்னைப் பார்க்கும்.

இந்தப் பார்வையைப் பற்றிப் புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. 2003-ஆம் ஆண்டில் அங்கேரி நாட்டின் அடாம் மிக்லோசியும் அவர்தம் குழுவினரும் அதனை வெளியிட்டனர். மனிதரால் வளர்க்கப்பட்ட ஓநாய்களுக்கும் நாய்களுக்கும் இறைச்சியை எட்ட முடியாதபடி வைத்துச் சோதித்தனர். ஓநாய்கள் தாமாகவே முட்டி மோதிக்கொண்டிருந்தன. நாய்களோ விரைவிலேயே திரும்பி மனிதரின் முகத்தைப் பார்த்தன. தன்னால் ஆகாதபொழுது மனிதரைப் பார்ப்பது நாயின் இயல்பு. மூடிய கதவும் அத்தகையதே. மணி என்னை எத்தனையோ முறை பார்த்திருக்கிறது. நான் அப்பொழுது தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்திருப்பேன்.

ஆகவே நாய்க்குக் கேட்கக் கற்பிக்கிறோம் என்பது முழு உண்மையன்று. அது ஏற்கெனவே கேட்கிறது. நமக்குப் புரியும் மொழியில் கேட்க அதற்கு உதவுகிறோம், அவ்வளவுதான்.

கற்பித்த முறை

பயிற்சிக் கல்லூரியில் உளவியல் பாடத்தில் நாமெல்லாம் படித்தவைதாம். 1898-இல் தோர்ண்டைக் பூனையைப் பெட்டியில் அடைத்தார். கயிற்றை இழுத்தால் கதவு திறக்கும். வெளியே உணவு இருக்கும். தற்செயலாக இழுத்த பூனை, பலன் கிடைத்ததால், அடுத்தடுத்த முறை விரைவாக இழுத்தது. பலன் தரும் செயல் நிலைக்கும் என்பது அவர் வகுத்த விதி. கதவைத் திறக்கக் கயிறு இழுத்த அந்தப் பூனைக்கும், கதவைத் திறக்க மணியடிக்கும் நாய்க்கும் பெரிய வேறுபாடு இல்லை.

பூசை அறையில் இருந்த பழைய மணியொன்றை எடுத்தேன். "சாமி மணியக் கொண்டுபோய் நாய்க்குக் கட்டப்போறியாம்மா?" என்றார் மாமியார். "வேணாங்க அத்தை, வேற வாங்கிக்கிறேன்" என்று வைத்துவிட்டு, கிறிசுமசு அலங்காரத்திற்கு விற்கும் மணிகளைப் பேரங்காடியில் வாங்கி வந்தேன். சில வெள்ளிதான் செலவு. விழுங்க முடியாத அளவுக்குப் பெரிய மணிகளாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

1. மணிச்சரத்தை முதலில் கையில் பிடித்து, நாய் மூக்கால் தொட்டவுடன் சிறு தின்பண்டம் கொடுத்தேன். மணியோசைக்கு அஞ்சாதிருக்கவே இந்தப் படி. மூன்று நாள் ஆயிற்று.

2. பிறகு சரத்தைக் கதவருகே அதன் மூக்கின் உயரத்தில் கட்டினேன். வெளியே அழைத்துச் செல்லும் ஒவ்வொரு முறையும், முதலில் மணியைத் தொட வைத்து, அந்த நொடியே கதவைத் திறந்தேன். இப்பொழுது தின்பண்டம் இல்லை. கதவு திறப்பதே பலன்.

3. எப்பொழுதும் ஒரே இடத்திற்கு அழைத்துச் சென்றேன். தடுப்பூசிகள் முடியும் வரை அது வீட்டு முகப்பின் மண் பகுதி. பின்னர்க் கழுத்துப்பட்டையும் கயிறுமாகத் தெருமுனைப் புல்வெளி. நெகிழிப்பை எப்பொழுதும் கையில் இருக்கும்.

4. கழித்து முடித்த அந்த இடத்திலேயே பாராட்டினேன். வீட்டுக்குள் வந்த பிறகு பாராட்டினால், வீட்டுக்குள் வந்ததற்கே பாராட்டு என்று அது எண்ணும்.

5. கழிக்கும்பொழுது மென்மையாக "ஸ்ஸ்" என்று ஒலி எழுப்பினேன். இது நம் பாட்டிமார் குழந்தையைக் கால்மேல் உட்கார வைத்து எழுப்பும் ஒலிதான்! நாளடைவில் அவ்வொலியைக் கேட்டாலே குழந்தைக்கு வந்துவிடும். பாவ்லோவ் நாய்களை வைத்துக் கண்டதை நம் பாட்டிமார் ஆய்வுக்கூடம் இல்லாமலே அறிந்திருந்தனர்.

6. உள்ளே தவறி நடந்துவிட்டால் வாய் திறக்காமல் துடைத்தேன். அம்மோனியா கலந்த துப்புரவு நீரைத் தவிர்க்க வேண்டும். அதன் நெடி சிறுநீரை ஒத்திருப்பதால் அதே இடத்திற்கு நாயை மீண்டும் அழைக்கும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு. மணியடித்தால் யாராவது எழுந்து போயே ஆக வேண்டும். தொலைக்காட்சித் தொடர் ஓடினாலும், சோற்றில் கை வைத்திருந்தாலும், மாலை மழை கொட்டினாலும் எழ வேண்டும். நாய் பத்து முறை அடித்து நாம் மூன்று முறை மட்டும் எழுந்தால், மணியால் பயனில்லை என்று அது விட்டுவிடும். பாவ்லோவின் கூடத்தில் ஒலி எழுப்பியவர் மனிதர், வாயூறியது நாய்க்கு. எங்கள் வீட்டில் மணியடிப்பது நாய். எழுந்து ஓடுவது நாங்கள். பயிற்சி பெற்றவர் யார் என்று என் கணவர் கேட்டுச் சிரிப்பார்.

பொறுமையும் வேண்டும். குட்டிக்கு எத்தனை மாதமோ, ஏறத்தாழ அத்தனை மணி நேரமே பகலில் அடக்க இயலும் என்பது நாய் வளர்ப்போர் கூறும் பொதுக்கணக்கு. இரண்டு மாதக் குட்டியிடம் ஐந்து மணி நேரம் எதிர்பார்ப்பது அதன் உடல் செய்ய இயலாததைக் கேட்பதாகும். நன்கு பழகிய நாய் திடீரென அடிக்கடி மணியடித்தால் அது குறும்பாக இல்லாமல் சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

"ஏமாற்றுமே?" என்போர்க்கு

ஆம், ஏமாற்றும். மூன்றாம் மாதத்தில் மணி அதைக் கண்டுபிடித்துவிட்டது. எதிர்வீட்டுப் பூனை தெரிந்தால் மணியடிக்கும். மகன் மிதிவண்டியை எடுத்தால் மணியடிக்கும். "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய், மணியைக் கழற்று" என்றனர் வீட்டார்.

கழற்றவில்லை. மணியடித்தால் போவோம், ஆனால் அதே இடத்திற்கு, கயிற்றோடு, ஐந்து நிமிடம் மட்டும். பூனை இல்லை, மிதிவண்டி இல்லை, பேச்சும் இல்லை. கழித்தால் பாராட்டு, கழிக்காவிட்டால் அமைதியாக உள்ளே திரும்புதல். இரண்டு வாரத்தில் பொய் மணி பெரும்பாலும் நின்றுவிட்டது. பொய்யாகக் கேட்பதைத் தடுக்க, கேட்கும் வழியையே அடைக்க வேண்டியதில்லை. அவ்வழியில் வேடிக்கை இல்லாமல் செய்தால் போதும்.

இனி வகுப்பறை

மணிக்கு மணியடிக்கப் பழக்கிக்கொண்டிருந்த அதே மாதத்தில்தான் அது நடந்தது. முதலாம் ஆண்டு வகுப்பு. ஓய்வுநேரம் முடிந்து கால் மணி நேரம் இருக்கும். ஒரு சிறுவன் கையை உயர்த்தினான். "டீச்சர், டாய்லெட்..." என்று முடிப்பதற்குள், "இப்பொழுதுதானே ஓய்வுநேரம் முடிந்தது? அப்பொழுது போயிருக்க வேண்டியதுதானே? உட்கார்" என்றேன். உட்கார்ந்தான். கால்களைப் பின்னிக்கொண்டான். கதவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் வெண்பலகைப் பக்கம் திரும்பிவிட்டேன்.

சிறிது நேரத்தில் நாற்காலியின் கீழே ஈரம். பிள்ளைகள் சிரித்தனர். நான் அவர்களை அதட்டினேன், தரையைத் துடைத்தேன், வீட்டிற்கு அழைத்துச் சொன்னேன். மாற்றுக் காற்சட்டையோடு வந்த தாயார் என்னிடம், "மன்னிச்சிருங்க டீச்சர், வீட்டுல இவன் இப்படிச் செய்யவே மாட்டான்" என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நானல்லவா? அன்று என் வாயிலிருந்து அச்சொல் வரவில்லை.

மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரம் தாயார் தெரிவித்த செய்திதான் என்னை உலுக்கியது. காலையில் கொடுத்தனுப்பும் தண்ணீர்ப் புட்டி நிறைந்தபடியே வீடு திரும்புகிறதாம். குடித்தால்தானே கேட்க வேண்டி வரும்? அதனால் நம் ஊர் வெயிலில் ஓடியாடும் ஏழு வயதுப் பிள்ளை தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டான். நாற்காலிக்குப் பின்னே மறைந்த நாய்க்குட்டி என் நினைவுக்கு வந்தது. அடி வாங்கிய குட்டி தன் தேவையை மறைத்தது போலவே, அவமானப்பட்ட குழந்தையும் தன் தேவையை மறைத்தான்.

பிள்ளைகளை நாயோடு ஒப்பிடுவதா என்று சினம் கொள்ள வேண்டாம். நான் ஒப்பிடுவது என்னை என்னோடுதான். வீட்டில் ஒரு மணியோசைக்குச் சோற்றுக் கையோடு எழுந்து ஓடியவள், பள்ளியில் வாய்திறந்து கேட்ட குழந்தையை உட்கார வைத்தேன். நாய்க்குக் கொடுத்த மதிப்பைப் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. இதைவிட வெட்கம் வேறென்ன?

சிறுநீரை அடக்குவதும் தண்ணீர் குடியாதிருப்பதும் சிறுநீர்த் தொற்றுக்கும் மலச்சிக்கலுக்கும் வழிவகுக்கும் என்பதைப் பெற்றோர் அறிவர். முதலாம் ஆண்டுக்கு வரும் பிள்ளைக்குப் பள்ளிக் கழிவறை புதிது. பலருக்கு முன் கையை உயர்த்திக் கேட்பதும் புதிது. எந்த மொழியில் கேட்பது, எந்தச் சொல்லால் கேட்பது என்ற தயக்கம் வேறு.

இப்பொழுது என் வகுப்புக் கதவருகே ஓர் அட்டை தொங்குகிறது. பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரம். தேவைப்பட்டவர் என்னைப் பார்த்து அட்டையைத் தொட்டுக் காட்டினால் நான் தலையசைப்பேன். எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவார், வந்ததும் மாட்டுவார். ஒரு நேரத்தில் ஒருவர். "ஊர் சுற்றுவார்களே?" என்றால், முதல் வாரம் சுற்றினார்கள்தாம். யார் போனார், எப்பொழுது வந்தார் என்று நேரம் குறித்தேன்; தாமதித்தவரிடம் தனியாகப் பேசினேன்; அட்டையைக் கழற்றவில்லை. புதுமை தீர்ந்ததும் சுற்றலும் குறைந்தது. அந்தச் சிறுவனிடமும் அவன் தாயாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். மூன்றாம் வாரம் அவன் அட்டையைத் தொட்டான். பாடத்தின் நடுவே நான் அவ்வளவு மகிழ்ந்து தலையசைத்தது அன்றுதான்.

கேட்டல்

தமிழில் "கேட்டல்" என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு: வேண்டுவதும் கேட்டல், செவிமடுப்பதும் கேட்டல். திருக்குறளில் "கேள்வி" என்னும் 42-ஆம் அதிகாரம் வினாத் தொடுப்பதைப் பற்றியதன்று, செவிமடுத்தலைப் பற்றியது. ஒருவர் கேட்க, மற்றவரும் கேட்டால்தான் கேட்டல் நிறைவுறும். நாய்க்கு மணியடிக்கக் கற்பிப்பது ஒரு வாரத்து வேலை. அடித்ததும் எழ நாம் கற்பதுதான் மீதி மாதங்களை எடுத்துக்கொள்கிறது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பள்ளிக் கழிவறைக்கு எப்படி அனுமதி கேட்கிறான் என்று இன்றிரவு கேட்டுப் பாருங்கள். தண்ணீர்ப் புட்டியையும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். ஆசிரியர்களே, நாளை வகுப்பில் கை உயர்ந்தால், பாடம் ஒரு நிமிடம் நிற்பதால் குடி மூழ்கிவிடாது, போகவிடுங்கள்.

வீட்டில் நாய் வளர்ப்போருக்கும் ஒரு சொல். சுருட்டிய செய்தித்தாளைக் கீழே வையுங்கள். உங்கள் நாய் இப்பொழுதும் கதவைப் பார்த்துவிட்டு உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.